வெண்கோட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளி

உயரத்தில் போகும் ஜெட் விமானத்தைப் பைனாகுலர் வைத்துப் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். வெறும் கண்ணுக்கு, வெண்கோடு விமானத்தின் வாலிலிருந்தே கிளம்புகிற மாதிரி இருக்கும். பைனாகுலரில் பார்த்தால் விமானத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். அங்கே ஒன்றுமே இல்லை, சுத்தமான நீலம். சில பத்து மீட்டர் தள்ளித்தான், ஒவ்வொரு எஞ்சினுக்கும் நேர் பின்னால் ஒரு வெள்ளை இழை தொடங்கும். இரண்டு எஞ்சின் என்றால் இரண்டு இழை, நான்கு என்றால் நான்கு. கொஞ்ச தூரம் போனதும் அவை ஒன்றோடொன்று கலந்து அகலமான பட்டையாகிவிடும். (சூரியன் இருக்கிற பக்கம் மட்டும் பைனாகுலரைக் கொண்டுபோகாதீர்கள். கண் போய்விடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.)

இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடைவெளிதான். என் அக்கா மகன் ஒருமுறை கேட்டான்: "மாமா, அது ஏரோப்பிளேன் விடுற புகைதானே?" புகையாக இருந்தால் எஞ்சின் வாயிலிருந்தே தெரிய வேண்டாமா என்று பைனாகுலரை அவன் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். "அப்ப அந்த கேப்ல என்னதான் இருக்கு?" என்றான். அதுதான் சரியான கேள்வி. அங்கேயும் எல்லாம் இருக்கிறது, இன்னும் கண்ணுக்குத் தெரிகிற நிலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

விமான எரிபொருள் ஏறக்குறைய மண்ணெண்ணெய்தான். கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த திரவம். எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் சுமார் 1.25 கிலோ தண்ணீர் வரும். எரித்ததைவிடக் கிடைத்தது அதிகமாக இருக்கிறதே என்று தோன்றும். கூடுதல் எடை முழுக்க ஆக்சிஜனுடையது. இரண்டு எஞ்சின் கொண்ட பெரிய விமானம் மணிக்கு ஆறேழு டன் எரிபொருளைக் குடித்துக்கொண்டு, வினாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. பெருக்கிப் பார்த்தால், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அது விட்டுச் செல்வது எட்டொன்பது லிட்டர் தண்ணீர். அரை வாளி. அரை வாளித் தண்ணீரை ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆவியாகத் தூவினால் பத்து கிலோமீட்டர் கீழே நிற்கிற நமக்கு அது தெரிகிறது என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

தெரிவதற்குக் காரணம் அங்கே நிலவும் குளிர். காற்று தாங்கக்கூடிய ஈரத்துக்கு ஓர் எல்லை உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்யத்தில் 5 கிராம்கூடத் தாங்காது. மைனஸ் 40-ல் 0.18 கிராம் தான். ஒரே சீராகக் குறையவில்லை, சரிந்து விழுகிறது என்பதைக் கவனியுங்கள். பயணிகள் விமானங்கள் பறக்கும் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பெரும்பாலும் மைனஸ் 50-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ இருக்கும். அங்கே துளி ஈரம் கூடினாலும் காற்றுக்குத் தாங்காது.

ஆனால் இதோடு விஷயம் முடிவதில்லை. எஞ்சினிலிருந்து வரும் வாயு சில நூறு டிகிரி சூடு. அந்தச் சூட்டில் நீராவி நீராவியாகவேதான் இருக்கும், துளியாகாது. சுற்றியிருக்கும் காற்றோ கடும் குளிர், ஆனால் பெரும்பாலும் உலர்ந்த காற்று. இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே மேகமாகும் நிலையில் இல்லை. இரண்டும் கலந்தால் மேகம் பிறக்கிறது! முதல் தடவை இதைப் படித்தபோது ஏதோ கண்கட்டு வித்தை போல இருந்தது.

கணக்கு இதுதான். வெளிக்காற்று கலக்கக் கலக்க, எஞ்சின் வாயுவில் கூடுதலாக இருந்த சூடும் ஈரமும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. பத்து மடங்கு காற்று கலந்தால் இரண்டும் பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஈரத்தைத் தாங்கும் எல்லை அப்படி ஒரே விகிதத்தில் இறங்குவதில்லை, மேலே பார்த்தபடி சரிந்து விழுகிறது. ஆகவே கலவை குளிர்ந்துகொண்டே வரும் வழியில் ஒரு கட்டத்தில், கையிலிருக்கும் ஈரம் தாங்கும் எல்லையை மிஞ்சிவிடுகிறது. அந்தக் கட்டம் வருவதற்கு விமானத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஆகிறது. நாம் பார்த்த இடைவெளி அந்தத் தூரம்தான். நேரமாகச் சொன்னால் ஒரு வினாடியில் சிறு பகுதி. குளிர்காலத்தில் வாயிலிருந்து வரும் வெண்மூச்சுக்கும் இதே கணக்குதான்.

எல்லையை மிஞ்சினால் மட்டும் போதாது, ஈரம் வந்து ஒட்டுவதற்கு ஏதாவது வேண்டும். அதையும் எஞ்சினே கொடுக்கிறது. எரிபொருள் முழுசாக எரியாமல் மிஞ்சும் கரித்துகள்கள் ஒவ்வொரு கிலோவுக்கும் கோடி கோடியாக வெளியே வருகின்றன. ஈரம் முதலில் இவற்றின்மீது மிகச்சிறிய நீர்த்துளியாகப் படிகிறது. மைனஸ் 40-க்குக் கீழே நீர்த்துளி நீராக நீடிக்க முடியாது, உடனே உறைந்து பனிப்படிகமாகிறது. ஆக, நாம் பார்க்கும் வெண்மை புகையும் இல்லை, நீராவியும் இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. தெரிவது பனி.

எந்த உயரத்தில், எந்த வெப்பநிலையில் கோடு விழும் என்று கணக்கிடும் முறையை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1941-ல் எழுதினார். அமெரிக்க விமானப்படைக்காக வேலை செய்த ஹெர்பர்ட் ஆப்பிள்மன் 1953-ல் அதை நடைமுறைக்கு ஏற்ற வரைபடமாக்கினார். இன்றைக்கும் அடிப்படைக் கணக்கு அதுதான், இருவர் பெயராலும் வழங்குகிறது. இருவருமே போரையும் போர் விமானத்தையும் மனதில் வைத்துத்தான் இதில் இறங்கினார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின்மேல் கூட்டம் கூட்டமாகப் பறந்த குண்டுவீச்சு விமானங்களை, பல கிலோமீட்டர் தள்ளியிருந்தே காட்டிக்கொடுத்தவை இந்தக் கோடுகள்தான். வர்ணம் பூசி மறைத்து என்ன பயன், வானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டு போனால்? ரேடாருக்குத் தெரியாமல் பறக்கும் பி-2 விமானத்தில்கூட, பின்னால் கோடு விழுகிறதா என்று கண்டுபிடித்து விமானிக்குச் சொல்ல ஒரு லேசர் கருவி இருக்கிறது. கோடு விழுந்தால் அவர் உயரத்தை மாற்றிக்கொள்வார்.

ஷ்மிட் கணக்கில் ஒளிந்திருந்த விசித்திரமான முடிவு ஒன்று உண்டு. எஞ்சின் எவ்வளவு திறமையாக வேலை செய்கிறதோ, அவ்வளவு எளிதாகக் கோடு விழும். நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றும். யோசித்தால் புரியும்: நல்ல எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பங்கை உந்துவிசையாக்கிவிடுகிறது, பின்னால் வீணாகப் போகும் சூடு குறைவு. வெளியேறும் தண்ணீரோ கிலோவுக்கு அதே அளவுதான். சூடு குறைந்து ஈரம் அப்படியே இருந்தால், எல்லையை மிஞ்சுவது சுலபம். ஜெர்மன் ஆய்வாளர்கள் இதை வானத்திலேயே சோதித்தார்கள். பழைய போயிங் 707-ஐயும் புதிய ஏர்பஸ் ஏ340-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கவிட்டுப் படமெடுத்தார்கள். முடிவு 2000-ல் வெளியானது. ஒரே காற்று, ஒரே உயரம். ஏ340-க்குப் பின்னால் கோடு, 707-க்குப் பின்னால் வெறும் வானம்.

இதுவரை சொன்னது கோடு எப்படிப் பிறக்கிறது என்பது. அது எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பது தனிக்கதை. அங்கே எஞ்சினுக்கு வேலையே இல்லை.

சில நாள் பார்த்திருப்பீர்கள், விமானத்தின் பின்னால் சின்னதாக ஒரு வால், அவ்வளவுதான். முன்னால் நீள்கிற வேகத்திலேயே பின்னால் அழிந்துகொண்டு வரும். வேறு சில நாள் அதே தடத்தில் போகும் விமானங்கள் ஒவ்வொன்றும் தொடுவானத்திலிருந்து தொடுவானம் வரை கோடு இழுத்துவிட்டுப் போகும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அவை இருக்கும், அகன்று நார்நாராகப் பிரிந்து வானத்தில் பாதியை மூடியிருக்கும். வித்தியாசம் மேலே உள்ள காற்றின் ஈரத்தில் இருக்கிறது. காற்று உலர்ந்திருந்தால் பனிப்படிகங்கள் மறுபடி ஆவியாகிவிடும். ஈரமாக இருந்தால் நிலைக்கும்.

இந்த "ஈரம்" கொஞ்சம் சூட்சுமமானது. நீர்த்துளியிடமிருந்து பிய்த்துக்கொண்டு போவதைவிடப் பனியிடமிருந்து பிய்த்துக்கொண்டு போவது நீர் மூலக்கூறுகளுக்குக் கஷ்டம். அதனால் நீரைப் பொறுத்தவரை உலர்ந்ததாக இருக்கும் காற்று, பனியைப் பொறுத்தவரை ஈரமாக இருக்கலாம். மைனஸ் 40-ல், நீரை அளவாக வைத்துப் பார்த்தால் 68 சதவீத ஈரப்பதம் இருந்தாலே பனிக்கு அது முழு நிறைவு. அதற்கு மேல் இருக்கும் ஈரமெல்லாம் பனி வளரத் தீனி. ஆனால் தானாகப் பனி உருவாவது அவ்வளவு சுலபமில்லை, தொடங்கிவைக்க ஆள் வேண்டும். அதனால் மேலே பெரிய பரப்புகளில் ஈரம் மிஞ்சிய காற்று, மேகமே இல்லாமல், தெளிந்த நீலமாகக் காத்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு விமானம் நுழைந்தால் போதும். அது போட்ட அரை வாளி, வெறும் முன்பணம். மணிக்கணக்கில் வளர்ந்து பரந்த கோட்டில் உள்ள பனியில் ஏறக்குறைய முழுவதும் அந்தக் காற்றிலேயே ஏற்கெனவே இருந்த தண்ணீர்தான்.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். ஒரே நேரத்தில் இரண்டு விமானம் போகிறது, ஒன்றுக்குக் கோடு, இன்னொன்றுக்கு இல்லை, இது எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். கீழிருந்து பார்க்க இரண்டும் ஒரே உயரம் போலத்தான் தெரியும். விமானங்களைக் காட்டும் செயலியைத் திறந்து பாருங்கள்: ஒன்று 35,000 அடியில், மற்றது 38,000 அடியில் என்று காட்டும். ஈரம் மிஞ்சிய காற்று அடுக்குகள் பல சமயம் சில நூறு மீட்டர் தடிமன்தான், அகலத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் பரந்திருக்கலாம். மெல்லிய தட்டு. ஒரு விமானம் தட்டுக்குள் போகிறது, மற்றது அதற்கு மேலே போகிறது. ஒரே விமானத்தின் கோடு நடுவில் அறுந்து மறுபடி தொடர்வதும் இதனால்தான். அறுந்த இடத்தில் காற்று உலர்ந்திருக்கிறது.

இன்னொன்று. சத்தம் வரும் திசையில் தேடினால் விமானம் கிடைக்காது. பத்து கிலோமீட்டரிலிருந்து ஒலி இறங்கி வர அரை நிமிடம் ஆகிறது, அதற்குள் விமானம் ஏழெட்டு கிலோமீட்டர் முன்னால் போயிருக்கும். கோட்டின் நுனியில் தேடுங்கள்.

நிலைத்து நிற்கும் கோட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அதன் அடிப்பகுதியில் ஒரே சீரான இடைவெளியில் முடிச்சு முடிச்சாகத் தொங்குவது தெரியும். விமானத்தின் இரண்டு இறக்கை நுனிகளிலிருந்தும் இரண்டு காற்றுச் சுழல்கள் எதிரெதிர்த் திசையில் சுழன்றபடி பின்னால் நீள்கின்றன. எஞ்சின்கள் விடும் வாயுவை அவை தங்களுக்குள் இழுத்துக்கொள்கின்றன. அதனால்தான் நான்கு எஞ்சின் விமானத்தின் நான்கு இழைகளும் சீக்கிரமே இரண்டாகின்றன. இரண்டு சுழல்களும் ஒன்றையொன்று கீழே தள்ளிக்கொண்டு மெல்ல இறங்கும்போது லேசாக நெளிய ஆரம்பிக்கும், நெளிவு கூடிக்கூடி ஒரு கட்டத்தில் ஒன்றையொன்று தொட்டு இணைந்து, வளையம் வளையமாக அறுந்துபோகும். எஸ். சி. குரோ என்பவர் 1970-ல் இதன் கணக்கை எழுதினார். பனி இல்லாவிட்டால் இந்தச் சுழலாட்டம் எதுவும் நம் கண்ணில் படாது.

தரையிறங்க வரும் விமானத்தின் இறக்கையிலிருந்து சில சமயம் வெள்ளை நாடா போலக் கிளம்புமே, அது வேறு வகை. இறக்கைக்கு மேலேயும் சுழலின் மையத்திலும் காற்றழுத்தம் திடீரென்று குறைவதால் காற்று குளிர்ந்து, அதிலிருந்த ஈரம் துளியாகிறது. எஞ்சினுக்கு அதில் பங்கு இல்லை. அதிக உயரத்திலும் இது நடக்கும். அப்போது துகள்கள் ஒரே அளவில் இருந்தால் கோடு வானவில் நிறங்களில் மின்னும். நான் அதைப் படங்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. விமானங்கள் ரகசியமாக ரசாயனம் தூவுகின்றன, சாதாரணக் கோடு என்றால் உடனே மறைந்துவிட வேண்டும், மறையாமல் நிற்பதுதான் விஷம் என்று ஒரு வீடியோ. எங்கள் குடும்பக் குழுவிலும் வந்தது. கூடவே, விமானத்துக்குள் வரிசையாகப் பீப்பாய்கள் வைத்திருக்கும் ஒரு படம். அந்தப் பீப்பாய்களில் இருப்பது தண்ணீர். புதிய விமானத்தைச் சோதித்துப் பறக்கும்போது பயணிகளின் எடைக்குப் பதிலாக வைப்பது, எடை மையத்தை முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்கக் குழாய் வழியே தண்ணீரை நகர்த்துவார்கள். மறையாமல் நிற்பதற்கான காரணத்தை மேலேயே பார்த்துவிட்டோம். 2016-ல் இந்தத் துறை அறிந்த 77 விஞ்ஞானிகளிடம் ரகசியத் தெளிப்புக்கு ஏதாவது ஆதாரம் கண்டீர்களா என்று கேட்டார்கள். 76 பேர் இல்லை என்றார்கள். இதையெல்லாம் குழுவில் போட்டேன். "அந்த ஒருத்தர் என்ன சொன்னார்?" என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், இல்லாத விஷத்தைப் பற்றிப் பேசிப்பேசி, உண்மையில் இருக்கும் பிரச்சினையை யாரும் கவனிப்பதில்லை. இந்தக் கோடுகள் பூமியைச் சூடாக்குகின்றன.

லூக் ஹோவர்ட் 1802-ல் மேகங்களை வகைபிரித்துப் பெயர் வைத்தபோது விமானம் கிடையாது. 2017-ல் உலக வானிலை அமைப்பு தன் மேக அட்டவணையைப் புதுப்பித்தபோது, பத்து நிமிடமாவது நிலைத்திருக்கும் விமானக் கோட்டை மனிதச் செயலால் உண்டான கீற்று மேகம் என்று தனியாகச் சேர்த்துக்கொண்டது. கீற்று மேகம் இரண்டு வேலை செய்யும். பகலில் வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், அது குளிர்விக்கும். பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும், அது சூடாக்கும். இரவில் திருப்பி அனுப்ப வெயில் கிடையாது, பிடித்துவைப்பது மட்டும்தான். கூட்டிக் கழித்தால் சூடு மிஞ்சுகிறது. மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் லீயும் உடன் ஆய்வாளர்களும் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், 2018-ல் விமானக் கோடுகளும் அவற்றிலிருந்து பரவிய மேகங்களும் சேர்ந்து பூமிக்கு ஏற்றிய கூடுதல் சூடு சதுர மீட்டருக்கு 57 மில்லிவாட், விமானங்கள் அதுவரை விட்ட கார்பன் டை ஆக்சைடு ஏற்றியது 34 மில்லிவாட். கோடுகளுக்கான எண்ணில் நிச்சயமின்மை அதிகம், 17 முதல் 98 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதிலும் சிக்கல் உண்டு: கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும், கோடு மணிக்கணக்கில் கலைந்துவிடும்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் மூன்று நாள் பயணிகள் விமானங்கள் பறக்கவில்லை. அந்த நாட்களில் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம் ஒரு டிகிரிக்கு மேல் கூடியது, கோடுகள் இல்லாததே காரணம் என்று டேவிட் டிராவிஸ் 2002-ல் எழுதினார். பிரபலமான கதை, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் வானம் இயல்பாகவே தெளிவாக இருந்ததுதான் காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நான் இப்போது அதை உதாரணமாகச் சொல்வதில்லை.

நல்ல செய்தி, ஈரத் தட்டுகள் மெல்லியவை என்பதிலேயே இருக்கிறது. ஜப்பான் வான்பரப்பை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வு, கோடுகளால் வரும் சூட்டில் 80 சதவீதத்துக்குக் காரணம் 2.2 சதவீத விமானங்கள்தான் என்று கணக்கிட்டது. அந்தச் சிலவற்றை இரண்டாயிரம் அடி ஏற்றியோ இறக்கியோ பறக்கவைத்தால் பெரும்பகுதி தவிர்ந்துவிடும். 2023-ல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 சோதனைப் பயணங்களில் இதைச் செய்து பார்த்தன. கோடுகள் 54 சதவீதம் குறைந்தன, அந்தப் பயணங்களுக்கு எரிபொருள் 2 சதவீதம் கூடியது. கரித்துகளைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. மாற்று எரிபொருளை மட்டுமே பயன்படுத்தி ஏர்பஸ் ஏ350-ஐப் பறக்கவிட்டுப் பின்னாலேயே இன்னொரு விமானத்தில் சென்று அளந்தபோது, பனிப்படிகங்கள் 56 சதவீதம் குறைவாக இருந்தன.

கஷ்டம் இரண்டு இடத்தில். ஒன்று, அந்த உயரத்தில் ஈரம் எங்கே மிஞ்சியிருக்கிறது என்பதை முன்கூட்டிச் சொல்வதில் வானிலைக் கணிப்பு இன்னும் பலவீனம். தரையில் மழை வருமா என்பதற்கு அக்கறை காட்டிய அளவு, மழையே தராத அந்த உலர்ந்த உயரத்துக்கு யாரும் காட்டியதில்லை. இரண்டாவது காசு. கூடுதலாக எரியும் எரிபொருளுக்கு விமான நிறுவனம் கையிலிருந்து கொடுக்க வேண்டும், குறைந்த கோட்டுக்கு அதற்கு யாரும் எதுவும் தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து, கார்பன் டை ஆக்சைடு அல்லாத விளைவுகளையும் விமான நிறுவனங்கள் பதிவுசெய்து கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறது. கோடுகளும் அதில் அடக்கம். இப்போதைக்குக் கணக்கு மட்டும்தான், கட்டணம் ஏதும் இல்லை.